தோபுஷின்ஸ்கி: கேள்வி பதில்

ரஷ்ய ஓவியர், மேடை வடிவமைப்பாளர் மிஸ்திஸ்லாவ் தோபுஷின்ஸ்கி (1875–1957) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: இவர் ரஷ்யரா, லிதுவேனியரா?

இரண்டும்தான். பிறந்தது நோவ்கொரத்தில். குடும்பம் லிதுவேனிய வழி வந்தது, பள்ளிப் படிப்பை முடித்தது வில்னியஸில். ஆனால் அவரை ஓவியராக்கியது பீட்டர்ஸ்பர்க். அங்கே சட்டம் படித்தார், முனிக் போய் ஓவியம் பயின்றார், திரும்பி வந்து அமைச்சக உத்தியோகம் பார்த்துக்கொண்டே வரைந்தார்.

கேள்வி: அவருடைய நகர ஓவியங்களில் ஆட்களே அதிகம் இல்லையே?

நல்ல கவனிப்பு. 1905 புரட்சியின்போது ஒரு கேலி இதழில் வந்த படத்தைப் பாருங்கள். வெறிச்சோடிய தெருமுனை. வீடுகளில் கொடிகள். சுவரில் இரத்தம் தெறித்திருக்கிறது, தரையில் ஒரு பொம்மை, ஒற்றை ரப்பர் காலணி, ஒரு மூக்குக்கண்ணாடி. சுட்டவரும் இல்லை, செத்தவரும் இல்லை. என்ன நடந்தது என்பதைக் கிடக்கும் பொருள்களே சொல்லிவிடுகின்றன. நாடகத்துக்கு வருமுன்பே அவருக்கு மேடைக் கண் இருந்தது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

கேள்வி: மாஸ்கோ கலை அரங்கில் அப்படி என்ன செய்தார்?

1909இல் துர்கனேவின் 'கிராமத்தில் ஒரு மாதம்' நாடகத்துக்கு மேடை அமைத்தார். நடிகர்கள் கையைக் காலை ஆட்டாமல், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, கண்ணாலும் குரலாலும் உள்மனத்தைக் காட்டவேண்டும் என்பது இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் பிடிவாதம். அப்படியானால் அறை கூச்சல் போடக்கூடாது, வெறுமையாகவும் இருக்கக்கூடாது. தோபுஷின்ஸ்கி இடமும் வலமும் சமச்சீரான அறைகளைப் போட்டார்: ஒன்று நீல வரவேற்பறை, இன்னொன்று திவான் (நீண்ட சாய்விருக்கை) போட்ட பச்சை அறை. அந்த வீட்டுத் தலைவி, மகனுக்குப் பாடம் சொல்ல வந்த இளைஞன்மேல் ஆசைப்பட்டுத் தத்தளிக்கிறாள். சுற்றிலும் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதால்தான் அவள் தடுமாறுவது தெரிகிறது. அறை கலைந்து கிடந்தால் இது எடுபடாது.

கேள்வி: எழுத்தாளர் நபகோவுக்கு ஓவியம் கற்பித்தவர் இவர்தானா?

ஆமாம். சிறுவன் நபகோவ் தினமும் பார்த்தும் சரியாகக் கவனிக்காத பொருள்களை நினைவிலிருந்து நுணுக்கமாக வரையச் சொல்வாராம்: தெருவிளக்கு, தபால்பெட்டி, வீட்டு வாசற்கதவின் வண்ணக் கண்ணாடியிலிருந்த துலிப் பூக்கள். மாணவன் ஓவியன் ஆகவில்லை. ஆனால் எழுத்தில் அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. ஓவியர் ஷகாலும் இவரிடமும், இன்னொரு ஓவியரான பாக்ஸ்ட்டிடமும் படித்தவர்தான்.

கேள்வி: 1924இல் சோவியத் ரஷ்யாவிலிருந்து எப்படி வெளியேறினார்? பிழைப்புக்கு என்ன செய்தார்?

கவிஞரும் மாஸ்கோவில் லிதுவேனியத் தூதருமான பல்த்ருஷைதிஸ் உதவினார். லிதுவேனியக் குடியுரிமை கிடைத்தது. சில ஆண்டுகள் பாரிஸில் நாடகக்காரர் பாலியேவின் அரங்குக்கு வேலை செய்தார். 1929இலிருந்து லிதுவேனியாவின் கௌனாஸ் நகர அரசு அரங்கின் தலைமை வடிவமைப்பாளர். புலம்பெயர்ந்தவர் என்றாலே சோகக்கதை எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓபரா, பாலே, நாடகம் என்று ஓயாமல் உழைத்த காலம் அது.

கேள்வி: அமெரிக்காவில்?

அங்கேதான் கொஞ்சம் சிரமம். 1939இல் நடிகரும் இயக்குநருமான மிகயீல் செகோவின் குழுவுக்காக, தாஸ்தாயெவ்ஸ்கியின் 'பேய்கள்' நாவலைத் தழுவிய நாடகத்துக்கு மேடை அமைத்தார். அதே நாவலுக்கு மாஸ்கோவில் 1913இலேயே ஒருமுறை அமைத்தவர் அவர்! நியூயார்க்கில் நாடகம் அதிக நாள் ஓடவில்லை. அப்புறம் 1940இல் மெட்ரோபாலிட்டன் ஓபராவுக்கு வெர்தியின் 'முகமூடி நடனம்', 1943இல் நடன அமைப்பாளர் மஸீனின் ஒரு பாலே. கடைசிவரை ஒவ்வொரு வேலையாகத் தேடித்தான் போகவேண்டியிருந்தது.

கேள்வி: மேடை வடிவமைப்பு படிக்கிறேன். இவரிடம் எதை முதலில் பார்ப்பது?

மேடையை விடுங்கள். தாஸ்தாயெவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்' நூலுக்கு அவர் வரைந்த படங்களைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். கால்வாய், கட்டடங்கள், நடுவே சின்னஞ்சிறு மனிதர்கள். வண்ணமே இல்லாமல் வெளிச்சத்தை எங்கே வைக்கிறார் என்று கவனித்துவிட்டு, 1909இன் பச்சை அறைக்கு வாருங்கள்.