தோப்புக்கு மேப் போடலாமா? தென்னை விவசாயி ஒருவருக்குப் பதில்

கேள்வி: பட்டுக்கோட்டைப் பக்கம் எனக்கு 3 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு. கஜா புயலில் விழுந்தது போக மிஞ்சிய பழைய மரமும், அப்புறம் நட்ட இளமரமுமாக 210 நிற்கின்றன. இரண்டு வருடமாக பழைய மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து மரம் காய்கிறது. கல்லூரியில் படிக்கும் மகள், "ஜிஐஎஸ்னு ஒண்ணு இருக்குப்பா, தோப்பையே கம்ப்யூட்டர்ல மேப்பா போட்டு எந்த மரத்துக்கு என்னன்னு பார்க்கலாம்" என்கிறாள். செல்போன் ஆப்பை வைத்து வரப்பைச் சுற்றி நடந்ததில் 3 ஏக்கர் 38 சென்ட் காட்டியது. பட்டாவைவிட 18 சென்ட் கூட. அது எனக்குச் சேர வேண்டிய நிலமா? சாட்டிலைட்டில் நோய் மரம் தெரியுமா? எதில் தொடங்குவது?

பதில்: முதலில் அந்த 18 சென்ட்டை முடித்துவிடுவோம். உங்கள் நிலம் பட்டாவில் சுமார் 1 ஹெக்டேர் 29.50 ஏர் என்று இருக்கும், அதாவது 12,950 சதுர மீட்டர். தோப்பு ஏறத்தாழ சதுரம் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 455 மீட்டர். 18 சென்ட் என்பது கிட்டத்தட்ட 730 சதுர மீட்டர். 730-ஐ 455-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.6 வரும். எல்லைக்கு வெளியே ஐந்தடி தள்ளி ஒரு சுற்று வந்தாலே 18 சென்ட் முளைத்துவிடும் என்று அர்த்தம். வரப்பின் வெளி ஓரத்திலோ வாய்க்கால் கரையிலோ நடந்திருப்பீர்கள். திறந்த வெளியிலேயே செல்போன் ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். தென்னங்கீற்றுக்கு அடியில் இன்னும் கூடும். இதை நம்பிப் பக்கத்துக்காரரிடம் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். எல்லையில் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் புலப்படத்தை எடுத்துக்கொண்டு, அத்து (எல்லை) காட்டச் சொல்லி சர்வேயருக்கு மனு போடுங்கள். கல் எங்கே என்பதை அவர் அளந்து சொல்வதுதான் செல்லும்.

சரி, மகள் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அவர் சொல்வது சரிதான்.

ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் அமைப்பு, என்றதும் எல்லாரும் வண்ண வண்ணமாக ஒரு படத்தை நினைக்கிறார்கள். படம் அதில் பாதிதான். மீதிப் பாதி படத்துக்குப் பின்னால் இருக்கும் அட்டவணை. மேப்பில் ஒரு மரத்தைத் தொட்டால் நட்ட வருடம், போன வெட்டில் எத்தனை காய், சாறு வடிகிறதா என்பதெல்லாம் வர வேண்டும். அட்டவணையில் "சாறு வடியும் மரம் மட்டும்" என்று கேட்டால், அவை மட்டும் மேப்பில் சிவப்பாகத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் இப்படிப் பேசிக்கொண்டால்தான் அது ஜிஐஎஸ். இல்லாவிட்டால் வெறும் போட்டோ. இதன் பிறப்பே விவசாயத்தோடு ஒட்டியதுதான். 1960-களில் கனடாவில் எந்த நிலம் பயிருக்கு ஆகும், எது காட்டுக்கு ஆகும் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, அத்தனை மேப்பையும் கையால் ஒப்பிட ஆள் போதாமல் ரோஜர் டாம்லின்சன் என்பவர் கம்ப்யூட்டரில் இறக்கினார்.

உங்கள் தோப்புக்கு மூன்று லேயர் போதும். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி. மரங்கள் ஒரு தாளில், புள்ளிகளாக. வாய்க்காலும் பைப் லைனும் இன்னொன்றில், கோடுகளாக. எல்லை மூன்றாவதில், மூடிய உருவமாக. எல்லாவற்றுக்கும் அடியில் சாட்டிலைட் படம் கிடக்கட்டும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். கையைப் பழக்க கூகுள் எர்த் ப்ரோ இலவசம். அதில் தோப்பின் எல்லையை வரைந்து பரப்பு பார்த்துப் பழகட்டும். உண்மையான வேலைக்கு க்யூஜிஐஎஸ். 2002-ல் தொடங்கிய இதுவும் இலவசம்தான், லைசென்ஸ் தொல்லை கிடையாது. இஸ்ரோவின் புவன் தளமும் மேலிருந்து பார்க்க நன்றாக இருக்கும்.

க்யூஜிஐஎஸ்ஸைத் திறந்ததும் பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, ஆயத் தொகுப்பு. ஜிபிஎஸ் தருவது பாகையில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை. தோப்பை அளக்க நமக்கு வேண்டியது மீட்டர். அதை மாற்றாமல், மரத்துக்கு மரம் 25 அடி இருக்கிறதே என்று கட்டம் போடும் கருவியில் 7.5 என்று அடித்தால், அது 7.5 பாகை என்று எடுத்துக்கொள்ளும். பட்டுக்கோட்டையில் ஒரு தென்னையை வைத்தால் வடக்கே அடுத்த தென்னை வாரங்கல் பக்கம் போய் விழும். ஆகவே ப்ராஜெக்ட்டைத் தொடங்கும்போதே மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற தொகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், எண் 32644. தஞ்சை, திருச்சி எல்லாம் இதில் அடங்கும். பொள்ளாச்சியில் சொந்தக்காரர் யாராவது இதைப் பார்த்துச் செய்தால் அவருக்கு இந்த எண் ஆகாது. 78 பாகை தீர்க்கரேகைக்கு மேற்கே 43 வடக்கு, எண் 32643.

மரத்தின் இடத்தை ஒவ்வொன்றாக ஜிபிஎஸ்ஸில் பிடிக்க வேண்டாம். 25 அடி இடைவெளியில் 5 மீட்டர் பிசகினால் மரம் பக்கத்து வரிசைக்கு ஓடிவிடும். சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கினால் வளர்ந்த தென்னையின் கொண்டை நட்சத்திரம் மாதிரி தெரியும். அதன் மேல் ஒரு கிளிக், ஒரு மரம். 210 மரம் ஒரு மத்தியான வேலை. இளமரம் தெரியாத இடத்தில் வரிசையை வைத்து நிரப்பிக்கொள்ளலாம். படமே நாலைந்து மீட்டர் நகர்ந்து நிற்பதும் உண்டு. மரத்துக்கு மரம் உள்ள உறவு மாறாது என்பதால் நம் வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை.

அப்புறம் எண். கம்ப்யூட்டரில் புள்ளி வைப்பதற்கு முன்னால் தோப்பில் பெயின்ட் டப்பாவோடு இறங்குங்கள். வரிசைக்கு ஓர் எழுத்து, மரத்துக்கு ஓர் எண்: அ07, ஆ12 என்று. 1-07 என்று மட்டும் எழுத வேண்டாம். எக்செல்லில் அடித்தவுடன் அது தேதியாக மாறிவிடும், அப்புறம் எந்த மரம் ஜனவரியில் நிற்கிறது என்று தேட வேண்டியதுதான். அட்டவணையில் அதே எண்ணை முதல் பத்தியாக வைத்து, நட்ட வருடம், காய் எண்ணிக்கை, சாறு (இல்லை 0, கொஞ்சம் 1, நிறைய 2), காய்ந்த மாதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் மர லேயரையும் இந்த அட்டவணையையும் எண் பத்தியை வைத்து இணைத்துவிடலாம். ஒரு மரத்துக்குப் படத்தில் அ07, அட்டவணையில் அ7 என்று இருந்தால் ஒட்டாது. இணைப்பு வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான்.

சேமிக்கும்போது ஜியோபேக்கேஜ் வகையில் சேமியுங்கள். பழைய ஷேப்ஃபைல் வகையில் ஒரே லேயருக்கு நாலைந்து ஃபைல் கிடக்கும், தமிழில் தலைப்பு வைத்தால் வெட்டிவிடும். இன்னொன்று, ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். அதில் லேயர் எங்கே இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும், லேயர் இருக்காது. விவசாயிகள் கூட்டம் ஒன்றில் நாற்பது பேர் முன்னால் நான் திறந்து காட்டிய மேப்பில் வெள்ளைத் திரை மட்டும் வந்தது இப்படித்தான்.

சாட்டிலைட்டில் நோய் மரம் தெரியுமா என்று கேட்டீர்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 சாட்டிலைட் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், இரண்டரை சென்ட். அதற்குள் உங்கள் மரம் ஒன்றே முக்கால் நிற்கும், நடுவில் புல்லும் களையும் சேர்ந்துகொள்ளும். பச்சை அளவைக் காட்டும் என்டிவிஐ கணக்கில் களை மண்டிய இடம் செழிப்பாகத் தெரியும், கொண்டை சாய்ந்த மரம் அதில் மறைந்துபோகும். நெல் வயலுக்கு அது அருமையான கருவி. தனி மரத்துக்கு உங்கள் கண்தான்.

அந்தக் கண்ணில் பட்டதை மேப்பில் ஏற்றியதும் பாருங்கள், சிவப்புப் புள்ளிகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று. நீங்கள் சொல்லும் அறிகுறி தஞ்சாவூர் வாடல் நோய் போல இருக்கிறது. 1952 புயலுக்குப் பிறகு உங்கள் மாவட்டத்தில் தலைகாட்டி அந்தப் பெயர் வாங்கிய நோய். கானோடெர்மா என்ற பூஞ்சை மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும், பாய்ச்சும் தண்ணீரிலும் போகும். புள்ளிகள் வாய்க்காலை ஒட்டி வரிசையாக இறங்கினால் தண்ணீர்தான் சுமந்து போகிறது. ஒரு மரத்தைச் சுற்றிக் கொத்தாக இருந்தால் வேருக்கு வேர் பரவுகிறது. தோப்பெங்கும் சிதறி, சாறும் அடியில் இல்லாமல் தண்டின் நடுவில் வெடிப்பிலிருந்து வடிந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். மருந்து வாங்கும் முன் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிவிடுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். போகும்போது மேப்பை ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

வாடல் என்று உறுதியானால், வாய்க்கால் பாசனத்தை நிறுத்திவிட்டு மரத்துக்கு மரம் தனி வட்டப்பாத்தியோ சொட்டுநீரோ வையுங்கள். நோய் மரத்துக்கும் நல்ல மரத்துக்கும் இடையில் அகழி வெட்டுங்கள். எங்கே வெட்டுவது என்பதை மேப்பே காட்டும். செத்த மரத்தை அடிக்கட்டை, வேரோடு தோண்டி எரியுங்கள். நோய் மரத்துக்குப் பக்கத்தில் ஏர் ஓட்ட வேண்டாம், வேர் அறுபட்டால் பூஞ்சைக்கு வாசல் திறந்த மாதிரி. மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் ஊடுபயிராக வாழை வைக்கலாம்.

ஒவ்வொரு வெட்டுக்கும் ஆள் தோப்பில் ஏறும் அன்றே சாறு பத்தியையும் நிரப்பிவிடச் சொல்லுங்கள் மகளிடம். பழைய பத்தியை அழிக்காமல், மாதம் போட்டுப் பக்கத்தில் புதுப் பத்தி.