ரெனோவுக்கு ஏப்ரலில் வரும் தம்பிக்கு: ஜாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. எரிச்சல் உங்கள் மேல் இல்லை. ஏப்ரல் முதல் வாரம் ரெனோவில் வேலைக்குச் சேருகிறேன், நெவாடா பாலைவனம்தானே, அதுவும் வசந்த காலம், கனத்த ஜாக்கெட்டெல்லாம் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, இந்தியக் கடை, எந்தக் கார் வாங்கலாம், சனி ஞாயிறில் மலைக்கு அந்தப் பக்கம் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்வர முடியுமா என்றும்.

இதே "பாலைவனம்தானே"வை எங்களுக்கும் ஒருவர் சொல்லித்தான் அனுப்பினார். என் கணவரை வேலைக்கு எடுத்த நிறுவனத்து ஆள். ஃப்ளோரிடாவில் உட்கார்ந்துகொண்டு போனில் சொன்னார். அதை நம்பி மார்ச் கடைசியில் கைக்குழந்தையோடு இறங்கினோம். மலையைத் தாண்டி விமானம் இறங்கும்போது போட்ட ஆட்டத்தில் எனக்கு வாந்தி. விமான நிலையத்துக்கு வெளியே பருத்திச் சுடிதாரும் செருப்புமாக நின்றால், ஆளைத் தள்ளுகிற காற்று, கண்ணெல்லாம் தூசி. சாயங்காலம் தூறல் போட்டது. பாலைவனத்தில் மழை, நல்ல சகுனம் என்று என் கணவர் வேறு சொன்னார். விடிந்து பார்த்தால் வாசலில் கணுக்காலுக்கு மேல் பனி. வீட்டுச் சாவி தர வேண்டிய ஆள் சாலை சரியில்லை என்று வரவில்லை. மோட்டல் அறையில் குழந்தையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, சூடு வராத ஹீட்டரைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

பாலைவனம் என்றால் நீங்கள் ராஜஸ்தான் மணலை நினைக்கிறீர்கள். ரெனோ கடல் மட்டத்திலிருந்து 4,500 அடி உயரத்தில் இருக்கிறது. மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர். பசிபிக்கிலிருந்து வரும் புயல் அந்த மலையில் ஏறும்போதே குளிர்ந்துபோய், சுமந்து வந்த ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலும் உச்சியிலும் கொட்டிவிடும். நம் பக்கம் இறங்கும்போது மிச்சம் கொஞ்சம்தான். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் ரெனோவுக்குக் கிடைப்பது 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நான் ராமநாதபுரத்துக்காரி, வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவள், எங்கள் ஊரே இதற்குப் பச்சைப் பசேல் என்பேன். இங்கே சில நாள் மேகத்திலிருந்து மழை இறங்குவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் தரையைத் தொடும் முன்பே காய்ந்துவிடும்.

வசந்தப் புயல் வரும் முறையே தனி. முதலில் தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான பலத்த காற்று. அன்றைக்கு ஆட்கள் அரைக்கை சட்டையில் திரிவார்கள். பிறகு காற்று திசை மாறும், சில மணி நேரத்தில் வெயில் போய், மழை போய், பனி. ஆகவே வானிலை அறிக்கையில் எத்தனை டிகிரி என்று மட்டும் பார்க்காதீர்கள். பனி எந்த உயரம் வரை இறங்கும் என்று அடிக் கணக்கில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். 7,000 அடி என்றால் நமக்கு மழை, மலைக்குப் பனி. 5,000 அடி என்றால் மேட்டுப் பகுதியில் வீடு எடுத்தவர்கள் காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டுவார்கள். 4,500 என்றால் நீங்களும்தான். தேசிய வானிலை மையத்தின் ரெனோ அலுவலகம் இதை ஒழுங்காகச் சொல்கிறது, அதைப் படியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வருவதைப் படிக்காதீர்கள். அங்கே ஒருவர் வருஷா வருஷம் பிப்ரவரியிலேயே "குளிர் முடிந்தது" என்று அறிவிப்பார்.

இனி ஃப்ரீமான்ட். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நீங்கள் ஐ-80 நெடுஞ்சாலையில் டோனர் மலையுச்சியைத் தாண்ட வேண்டும், 7,200 அடிக்கு மேல். 1846இல் டோனர் குழு என்று மாட்டு வண்டிகளில் குடியேற வந்தவர்கள் அங்கேதான் பனியில் சிக்கி, பாதிக்கு அருகில் செத்துப்போனார்கள். இப்போது நல்ல சாலை இருக்கிறதே என்பீர்கள். 2024 மார்ச் தொடக்கத்தில் வந்த புயலில் அந்த நல்ல சாலை வார இறுதியின் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பனி ஆய்வுக்கூடம், அந்தப் பருவம் முழுக்கப் பெய்த பனி 754 அங்குலம் என்று அளந்தது, 62 அடிக்கு மேல். அந்த வருஷம் ஜூலை 4 அன்றுகூட மலைமேல் தாஹோ ஏரிப் பக்கம் பனிச்சறுக்கு நடந்தது. ஏப்ரலில் வசந்தம் என்கிறீர்களே!

செயின் என்பது பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. கலிபோர்னியா எல்லைக்குள் செயின் கட்டுப்பாடு மூன்று படிகளில் வரும். ஆர்-1 என்றால் பனிக்கால டயர் உள்ள சாதாரணக் கார் செயின் மாட்டாமல் போகலாம். ஆர்-2 என்றால் நான்கு சக்கரமும் இழுக்கும் (ஆல் வீல் டிரைவ்) வண்டி, நான்கிலும் பனிக்கால டயர், அப்போதுதான் மாட்டாமல் விடுவார்கள். ஆர்-3 என்றால் எல்லோரும் மாட்ட வேண்டும், ஆனால் அந்த நிலைக்கு வருவதற்குள் பெரும்பாலும் சாலையையே மூடிவிடுவார்கள். எது எப்படியானாலும் வண்டிக்குள் செயின் இருந்தே ஆக வேண்டும், ஆல் வீல் டிரைவ் வைத்திருக்கிறவருக்கும் சேர்த்துத்தான். சாலையோரத்தில் காசு வாங்கிக்கொண்டு மாட்டிவிட ஆட்கள் நிற்பார்கள், அவர்கள் செயினை விற்கக்கூடாது என்பது விதி. ஆகவே டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து, ரெனோவிலேயே வாங்கி, வீட்டு வாசலில் காய்ந்த தரையில் ஒரு தடவை மாட்டிப் பழகுங்கள். அடம்பிடிக்கிற பிள்ளைக்குக் கொலுசு மாட்டுகிற வேலைதான், பழகினால் வந்துவிடும். எங்கள் வீட்டில் நான்தான் மாட்டுவேன், என் கணவர் டார்ச் பிடிப்பார். போன வருஷம் இருட்டில், கொட்டும் பனியில், பின்னால் நின்ற வண்டிக்கும் சேர்த்து மாட்டிக்கொடுத்தேன். அந்தப் பையன் பே ஏரியாவிலிருந்து, அதாவது சான் பிரான்சிஸ்கோ, ஃப்ரீமான்ட் பக்கத்திலிருந்து வந்தவன், கையில் காபி, காலில் கேன்வாஸ் ஷூ.

அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பே ஏரியா நம்ம ஆட்களுக்குத் தாஹோ என்றால் படம் எடுக்கிற இடம். டயர் தேய்ந்திருக்கும், செயின் இருக்காது, "சென்னை வெள்ளத்திலேயே ஓட்டினவன் நான்" என்று ஒரு வசனம். குறுக்கே திரும்பி நின்றுகொண்டு மொத்தச் சாலையையும் மறித்துவிடுவார்கள். பிறகு ரெனோவில் என்ன இருக்கிறது, சூதாட்ட விடுதியைத் தவிர என்று நம்மையே கேட்பார்கள். நானும் அவர்கள் ஊருக்குப் போகிறவள்தான், லிவர்மோர் கோயிலுக்குப் போகிறோம், ஆனால் புயல் வரும் நாளில் போவதில்லை. சாமி அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று. ஐ-80 மூடினால் போனில் இருக்கும் மேப் ஏதோ ஒரு மலைச் சாலையைக் குறுக்கு வழி என்று காட்டும். போகாதீர்கள். மவுண்ட் ரோஸ் வழியாகப் போகும் 431ஆம் சாலை 8,900 அடியைத் தொடுகிறது, பெரிய சாலை தாங்காத புயலை அது தாங்குமா? தெற்கே கார்சன் சிட்டிப் பக்கம் வீடு பார்த்தால், சாமான் ஏற்றிய உயரமான வாடகை வண்டியைக் காற்று நாளில் வழியில் இருக்கும் வாஷோ பள்ளத்தாக்கில் விடமாட்டார்கள், கவிழ்ந்துவிடும்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் வசந்தப் புயலைத் திட்டிக்கொண்டே சந்தோஷப்படுவார்கள், ஏனென்றால் குடிக்கிற தண்ணீர் ட்ரக்கி ஆற்றிலிருந்து வருகிறது, அந்த ஆறு மலைப் பனியிலிருந்து வருகிறது. பனிக்குள் குழாயை இறக்கி எடைபோட்டு, கோடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடும் முறையை உருவாக்கியவரே இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் லத்தீன் பாடம் நடத்திய ஜேம்ஸ் சர்ச் என்பவர். லத்தீன் வாத்தியாருக்கு மவுண்ட் ரோஸ் உச்சியில் என்ன வேலை என்று நானும் யோசித்திருக்கிறேன். மழை நின்றதும் சேஜ்பிரஷ் புதரிலிருந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், ஊரில் புழுதி நனைகிற வாசனைக்கு ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு முதன்முதலாக இந்த ஊர் பிடித்தது அதனால்தான். பீவைன் மலையில் பனி கரையும் வரை தக்காளி நாற்று நடாதே என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார், இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிறேன். கேட்காமல் ஏப்ரலில் நட்டு, மே மாதம் உறைபனியில் நாற்று கருகிப்போய் நிற்பவர்களும் உண்டு, பெரும்பாலும் டெக்சாஸிலிருந்து மாறி வருகிறவர்கள். அங்கே எல்லாம் முளைக்குமாம்.

சரி, மற்ற கேள்விகள். வாடகை எனக்குத் தெரியாது, நாங்கள் வீடு வாங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. இந்தியக் கடை இருக்கிறது, சின்னதுதான். கார் எதுவானாலும் டயருக்குப் பணம் ஒதுக்குங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர் கொண்டுவாருங்கள், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக. தோசை மாவை விளக்குப் போட்ட ஓவனுக்குள் வைத்தால் புளிக்கும். உதட்டுக்கு வாசலின், மூக்குக்கும் கொஞ்சம், இல்லையென்றால் முதல் வாரமே ரத்தம் வரும். ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் எடுத்து வாருங்கள். விமானம் மதியத்துக்கு மேல் இறங்குவதாக இருந்தால் சாப்பாட்டைத் தள்ளிப்போடுங்கள்.