தலைமாட்டில் ரவுட்டர் இருந்தால் தூக்கம் கெடுமா?

கேள்வி: எங்கள் படுக்கையறை அலமாரியின் மேல், தலைமாட்டிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் வைஃபை ரவுட்டர் இருக்கிறது. சென்ற ஆண்டு எதிர்வீட்டு மொட்டைமாடியில் செல்போன் கோபுரமும் வந்துவிட்டது. அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஒரு வாரம் ரவுட்டரை அணைத்துவிட்டுப் படுத்தபோது நன்றாகத் தூங்கினேன். என் கணவரோ எல்லாம் மனப்பிரமை என்கிறார். கதிர்வீச்சு தூக்கத்தைக் கெடுக்கும் என்பது உண்மையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கணவர் சொல்வது பாதிதான் சரி. பயத்தினால் தூக்கம் கெட்டாலும் கெட்டது கெட்டதுதான். அதைப் பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் அளவைப் பார்ப்போம். கதிர்வீச்சு என்றதும் நமக்கு எக்ஸ்ரேயும் அணு உலையும் நினைவுக்கு வருகின்றன. அவை அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வலிமை கொண்டவை. வைஃபையும் செல்போனும் பயன்படுத்துவது வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்த அலைகளை. ஒளியைப் போலவே இவையும் நுண்ணிய ஆற்றல் துகள்களாக வருபவை. இவற்றின் ஒரு துகளுக்குரிய ஆற்றல், அறையில் எரியும் விளக்கொளியின் ஒரு துகளுக்குரிய ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். போதுமான வலிமையோடு பட்டால் இவை திசுவைச் சூடாக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்த விளைவு; பாதுகாப்பு வரம்புகள் அதை அடிப்படையாக வைத்தே வகுக்கப்பட்டுள்ளன. வீட்டு ரவுட்டர் ஒன்று 0.1 வாட் அளவுக்கு அலைகளை வெளியிடுவதாகக் கொண்டால், 2 மீட்டர் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்கு 0.002 வாட் மட்டுமே வந்து சேரும். செல்போன் கோபுரங்களுக்காக இந்தியா 2012 செப்டம்பர் முதல் நடைமுறைப்படுத்திய வரம்பு இந்த அலைவரிசையில் ஒரு சதுர மீட்டருக்கு 1 வாட். அதுவே அன்றைய சர்வதேச வழிகாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். ஆக, உங்கள் ரவுட்டர் தருவது நமது வரம்பில் ஐந்நூறில் ஒரு பங்கு.

கோபுரத்தைப் பொறுத்தவரை, அதன் ஆன்டெனா கலங்கரை விளக்கைப் போல அலைகளை ஏறக்குறையக் கிடைமட்டமாகத் தொலைவுக்கு வீசுகிறது. காலடியில் விழுவது குறைவு. உங்கள் வீடு நேரெதிரே இருப்பதால் ஊகத்தை நம்ப வேண்டியதில்லை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் அந்தக் கோபுரம் விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்க்கலாம்; கட்டணம் செலுத்தி அளந்து தரும்படியும் கேட்கலாம்.

இனி தூக்கத்துக்கு வருவோம். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செல்போன் அலைகள் தூங்குபவரின் மூளையில் எந்த மாற்றத்தையும் உண்டாக்குவதில்லை என்று சொல்ல முடியாது. 1999-இலிருந்து சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில், தலையருகே செல்போன் அலைகளைச் செலுத்தியபோது, ஸ்பிண்டில் எனப்படும் மூளை மின்னலைகளின் வீச்சு சற்றே கூடியது பதிவாகியிருக்கிறது. நூல் சுற்றிய கதிரைப் போல நடுவில் பருத்து இரு முனையிலும் மெலியும் அலைத்தொகுதி என்பதால் அதற்கு அந்தப் பெயர். எல்லாச் சோதனைகளிலும் ஒரே மாதிரியாக வராவிட்டாலும், வேறு சில ஆய்வகங்களும் இதைக் கண்டிருக்கின்றன. ஆனால் வரைபடத்தில் ஓர் அலை சற்று உயர்வது வேறு, தூக்கம் கெடுவது வேறு. பெர்லினில் 34 இளைஞர்களை ஓர் இரவு முழுவதும் வைஃபை அலைகளுக்கு நடுவே தூங்கவைத்து 2020-இல் வெளியிட்ட ஆய்விலும் மின்னலையில் சிறு மாற்றம் தென்பட்டது. ஆனால் தூக்கத்தின் படிநிலைகளிலோ, காலையில் அவர்களே சொன்ன தூக்கத்தின் தரத்திலோ வேறுபாடு காணப்படவில்லை.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான சோதனை 2010-இல் வெளியானது. செல்போன் சேவையே எட்டாத 10 இடங்களை ஜெர்மனியில் தேர்ந்தெடுத்து, அங்கே தற்காலிகமாக ஒரு கோபுரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்பகுதிகளில் வசித்த 397 பேர் தத்தம் வீடுகளிலேயே தூங்க, அவர்களுடைய தூக்கம் 12 இரவுகள் பதிவுசெய்யப்பட்டது. அவற்றில் 5 இரவுகள் கோபுரம் உண்மையிலேயே அலைகளை வெளியிட்டது. 5 இரவுகள் வெறுமனே நின்றது. எந்த இரவு எப்படிப்பட்டது என்பது தூங்கியவர்களுக்குத் தெரியாது. இரண்டு வகை இரவுகளுக்கும் இடையே தூக்கத்தில் வேறுபாடு இல்லை. ஆனால், கோபுரத்தால் உடல்நலம் கெடும் என்று அஞ்சியவர்கள், அது சும்மா நின்ற இரவுகளிலும் மற்றவர்களைவிட மோசமாகத் தூங்கினார்கள். அவர்கள் அப்படிச் சொன்னது மட்டுமல்ல, கருவிகளும் அதையே காட்டின. என் வாசிப்பில் இந்த விஷயத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசும் முடிவு வேறில்லை. உங்கள் எதிர்வீட்டுக் கோபுரம் தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம். அலைகளால் அல்லாமல், கண்ணெதிரே நிற்பதால்.

ரவுட்டரை அணைத்த வாரம் நன்றாகத் தூங்கினீர்கள் என்கிறீர்கள். அணைத்தது நீங்களேயல்லவா? அணைந்தது தெரிந்திருந்தது. தவிரவும், இரவு இணையம் இல்லாததால் செல்போனைச் சீக்கிரம் கீழே வைத்திருப்பீர்கள். இப்படிச் செய்து பாருங்கள்: ரவுட்டரின் சிமிட்டும் விளக்குகளை எலெக்ட்ரீஷியன்கள் சுற்றும் கறுப்பு டேப்பால் முழுவதும் மூடிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பச்சை விளக்கு உட்கூரையில் அடித்துக்கொண்டிருந்ததை டேப் ஒட்டிய பிறகுதான் கவனித்தேன். பிறகு 14 இரவுகள், நீங்கள் படுத்த பின் உங்கள் கணவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ரவுட்டரை இயக்கத்திலும், பூ விழுந்தால் அணைத்தும் வைக்கட்டும். விடிவதற்குள் பழையபடி இயக்கிவிடட்டும். அவர் தம் தாளில் குறிக்க, நீங்கள் காலையில் தூக்கத்துக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று உங்கள் தாளில் எழுதுங்கள். செல்போன் எல்லா இரவும் அடுத்த அறையில் இருக்க வேண்டும். முடிந்ததும் இரண்டு தாள்களையும் சேர்த்துப் பாருங்கள். வாரத்தில் 3 இரவுகளோ அதற்கு மேலோ, 3 மாதங்களாகத் தூக்கம் இல்லை என்றால், இதற்கெல்லாம் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: செல்போனில் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர், கழுத்தில் அணியும் பதக்கம் ஆகியவை பயன் தருமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வாங்காதீர்கள். ஸ்டிக்கர் உண்மையிலேயே அலைகளைத் தடுத்தால், கோபுரத்தை எட்டுவதற்காகச் செல்போன் தன் திறனை மேலும் கூட்டும். பதக்கங்களின் கதை இன்னும் விசித்திரமானது. 5ஜி அலைகளிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட 10 பொருள்களை நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு சோதிக்கச் செய்து, 2021 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. கழுத்தணியும் காப்பும், தூங்கும்போது கண்ணில் கட்டும் பட்டையும் அதில் அடக்கம். அவை கதிரியக்கம் கொண்டவை என்றும், நீண்ட காலம் அணிந்தால் தீங்கு நேரலாம் என்றும் அது எச்சரித்தது. வராத பூதத்துக்குப் பயந்து வீட்டுக்குள் பேயை அழைத்துக்கொண்டது போலாயிற்று.

கேள்வி: தலையணைக்கடியில் செல்போனை வைத்துத் தூங்கலாமா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம், ஆனால் காரணம் அலைகள் அல்ல. மூடிய இடத்தில் பேட்டரி சூடேறும், அதிலும் சார்ஜ் ஏறும்போது இன்னும் மோசம். அடுத்து, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை நள்ளிரவிலும் எடுத்துப் பார்ப்போம். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 12 பேரை 5 மாலைகள், மாலைக்கு 4 மணிநேரம் ஒளித்திரையில் படிக்கவைத்து, அச்சுப் புத்தகம் படித்த மாலைகளோடு ஒப்பிட்டார்கள். திரையில் படித்தபோது தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது சுமார் ஒன்றரை மணிநேரம் தள்ளிப்போனது. தூக்கம் வரவும் 10 நிமிடம் கூடுதலாயிற்று. அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறீர்கள் என்றால், செல்போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, எழுந்து நடந்தால்தான் எட்டும் மேசையில் வையுங்கள். அலாரம் அப்போதும் அடிக்கும்.