கடைக்குக் கொம்பியூட்டர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டவை. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துவிட்டேன்.

காத்தான்குடி, துணிக்கடை: தம்பி, வின்டோஸ் 10 முடிந்துவிட்டது, புது மெஷின் எடுங்கள் என்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா?

நானா, அவசரப்படாதீர்கள். 2025 ஒக்டோபர் 14உடன் மைக்ரோசொப்ட் அதற்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்தியது உண்மைதான். ஆனால் உங்களுடையது இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது என்றால் பெரும்பாலும் வின்டோஸ் 11 ஏறும், அதுவும் காசில்லாமல். பழையது என்றால், பில் போடும் மென்பொருள் பிரவுசரில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் வின்டோசுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருசம் இழுக்கலாம். மெதுவாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டச் சொல்லுங்கள். மெஷினை மாற்றச் சொன்னவர் முதலில் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கல்முனை, கொமினிகேஷன்: அண்ணன், மலிவாக ஒரு பிரின்டர் எடுத்தேன், இப்போது மைக்கே காசைத் தின்கிறது.

மலிவாகத் தருவதே மையில் பிடிக்கத்தான் தம்பி. விலையைப் பார்க்காமல் பக்கக் கணக்கைப் பாருங்கள்: காட்ரிஜ் விலையை, அது எத்தனை பக்கம் அடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதோ அதால் பிரியுங்கள், பிறகு கடைக்காரர் காட்டும் மற்ற மொடலுக்கும் அதே கணக்கைப் போடுங்கள். நிறம் அதிகம் அடிப்பதென்றால் மை ஊற்றும் டேங்க் பிரின்டர். கறுப்பு மட்டும் போதுமென்றால் கறுப்பு லேசர், ஏனென்றால் டோனர் தூள், காய்ந்து போகாது. டேங்க் பிரின்டரைப் பல நாள் சும்மா விட்டால் மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், கிழமைக்கு ஒரு நிறப் பக்கமாவது அடியுங்கள்.

அக்கரைப்பற்று, டியூட்டரி: திருட்டு ஒபிஸ் போட்டால் என்ன? எல்லோரும் அதுதானே?

கிராக் ஃபைலோடு வைரஸும் வரும், அப்புறம் மாணவர் பட்டியலே போய்விடும். லிப்ரே ஒபிஸ் இலவசம், வேர்ட், எக்செல் ஃபைல்களைத் திறக்கும். பாமினியில் அடித்த பழைய வினாத்தாள்களும் வரும், அந்த எழுத்துரு மெஷினில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

களுவாஞ்சிக்குடி, பாமசி: மாதக் கட்டண மென்பொருள் நல்லதா?

நல்லதாகவும் இருக்கலாம். காசு கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: நான் நிறுத்தினால் என் மருந்துப் பட்டியலும் காலாவதித் திகதிகளும் எக்செலில் கிடைக்குமா? மழுப்பினால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஏறாவூர், ஹார்ட்வெயார்: எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

பேக்கப்பில். மார்கழி மழையும் இடியும் நமக்குத் தெரியாததா? வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, கடன் கணக்கை அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். மெஷினிலேயே செருகி வைத்தால் மின்னல் இரண்டையும் சேர்த்துத்தான் அடிக்கும். கூகுள் கணக்கில் 15 ஜிபி சும்மா கிடைக்கிறது, ஒரு பிரதி அதிலும் போடுங்கள். இடி நேரத்தில் பிளக்கோடு ரவுட்டருக்கு வரும் வயரையும் கழற்றுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

பொத்துவில், தங்கும் அறைகள்: வெப்சைட் செய்யவா அண்ணன்?

முதலில் கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதியுங்கள், காசில்லை. அறுகம்பே வரும் வெளிநாட்டுக்காரர் தேடுவதே அங்கேதான். அப்புறமும் வெப்சைட் வேண்டுமென்றால் டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் வாங்குங்கள். செய்து தருபவர் பெயரில் இருந்தால் அடுத்த வருசம் புதுப்பிக்க அவர் கேட்பதுதான் விலை.