பினாங்குக்கு ஒரே ஒரு நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோலாலம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். நடுவில் பினாங்குக்கு ஒரு நாள். அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனில் பார்க்க வேண்டிய பழைய கட்டடங்கள் என்று மகள் நீளமாக ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். என் கணவருக்கு முழங்கால் வலி. எதை விடலாம்?

பதில்: பட்டியலில் முக்கால்வாசியை விடலாம் (நான் சொன்னதாக மகளிடம் சொல்லாதீர்கள்). கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்ற ஒரே சாலையையும் அதை ஒட்டிய சந்துகளையும் நிதானமாகப் பார்த்தாலே போதும். ஒரு முனையில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கொஞ்சம் தள்ளி சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், அப்புறம் மகா மாரியம்மன் கோயில், அதையும் தாண்டினால் பள்ளிவாசல், எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மாரியம்மன் கோயில் ராஜகோபுரம் மட்டும் பின்பக்கம் குயின் தெருவில் இருக்கிறது, சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டவே வேண்டாம். வெயில் ஏறியதும் கூ கொங்சிக்குள் நுழைந்துவிடலாம். கூ குலத்தாரின் மாளிகை அது, கட்டணம் உண்டு. முதலில் கட்டியது அரண்மனை போல இருந்ததால் தெய்வக் குற்றமாகி 1901இல் எரிந்துபோனது என்று ஒரு கதை, பிறகு அடக்கமாகக் கட்டி 1906இல் முடித்தார்களாம். கூரையை அண்ணாந்து பார்த்தால் அடக்கம் எங்கே என்று தேடுவீர்கள்!

ஜார்ஜ் டவுன் தெருக்களில் இருக்கும் சுவரோவியங்களுக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுப்பதை என்னைக் கேட்டால் முதலில் வெட்டுவேன். முழங்கால் வலியோடு அந்த வரிசை எதற்கு?

கேள்வி: ஆங்கிலேயர் உருவாக்கிய ஊரில் இத்தனை மதத்தாருக்கும் ஒரே சாலையில் எப்படி இடம் கிடைத்தது? அவ்வளவு பெருந்தன்மையா?

பதில்: வியாபாரம் ஐயா, வியாபாரம். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைப் பிடித்ததும் அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கினார். கப்பலும் சரக்கும் வந்தால்தான் ஊர் நிற்கும், அதற்குச் சோழமண்டலக் கரை மரைக்காயர்களும் தென்கிழக்குச் சீனாவிலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்களும் வேண்டும், அவர்கள் ஊரில் நிலைக்கக் கோயிலும் பள்ளிவாசலும் வேண்டும். காதர் மொய்தீன் என்ற நம் பக்கத்து வணிகரைத் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக்கி (அந்தப் பதவியின் பெயர்தான் கப்பித்தான் கெலிங்), பள்ளிவாசலுக்குக் கம்பெனியே நிலம் கொடுத்தது. அது 1801. ஆள வந்தவர்களின் சொந்தத் தேவாலயம் எழும்பியது அதற்குப் பதினேழு வருடம் கழித்து, அதுவும் கைதிகளின் உழைப்பில். சூலியா தெரு முனையில் நாகூர் ஆண்டவருக்கும் ஒரு தர்கா இருக்கிறது. அடக்கத்தலம் நாகூரில்தான், இது கடல் கடந்து போனவர்கள் அவர் நினைவாகக் கட்டிக்கொண்டது. தமிழர்கள் அதைப் பார்க்காமல் திரும்பக்கூடாது.

கேள்வி: மலாக்காவும் இதே மாதிரிதானே, ஏதாவது ஒன்று போதாதா?

பதில்: இரண்டுக்கும் 2008இல் சேர்த்தே உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தார்கள், ஆனால் ஒன்றல்ல. மலாக்கா போர்த்துகீசியர், டச்சுக்காரர் கைமாறி வந்த மூத்த ஊர். 1781இல் மலாக்கா செட்டிகள் என்ற பழைய தமிழ் வம்சாவளிச் சமூகத்தார் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் அங்கே தட்டார் தெருவில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம்தான், காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். பினாங்கு தொலைவு, அங்கே முடிந்தால் ஒரு ராத்திரி தங்குங்கள்.