சும்மா இருக்கும் பாட்டி

அன்புள்ள ஐயா,
எனக்கு 28 வயது. நாலு வருடமாக டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். அரசு ஊழியர் ஓய்வு வயதை 60 ஆக்கியதில் எங்கள் தலைமுறை வேலை போயிற்று. பிரான்ஸிலும் இதே கதைதான். இவர்கள் பென்ஷனுக்கும் நாங்களே வரி கட்ட வேண்டும். எங்கள் வீட்டிலேயே அப்பா மட்டும் கடையில் உழைக்கிறார், பாட்டி சும்மா இருக்கிறார். கிழவர்களின் நாடாகிவிட்டோமா?
ம., சங்கரன்கோவில்

அன்புள்ள தம்பி,

நாலு வருடப் படிப்பின் வலி புரிகிறது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது 2020-ல் 59 ஆனது, 2021-ல் 60. ஓய்வு பெறுகிறவர்களுக்கு மொத்தமாகத் தர வேண்டிய பணத்தைத் தள்ளிப்போட அது அரசுக்கு வசதியாக இருந்தது. உங்களுக்கு நஷ்டம்தான், மறுக்கவில்லை. பிரான்ஸில் 2023-ல் 62-ஐ 64 ஆக்கியபோது, கூட்டாதே என்று மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். அது வேறு கதை. கிழவர்களின் நாடா என்றால், தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைகூட இல்லை என்ற கணக்கில் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். சரி, அதை விடுங்கள்.

பாட்டி சும்மா இருக்கிறார் என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. காலையில் உங்களுக்குக் காப்பி போட்டது யார்? ஓய்வு வயது என்று ஒன்று இருப்பதே நம் ஊரில் கொஞ்சம் பேருக்குத்தான். களை எடுக்கிறவருக்கு 58-ம் கிடையாது, 60-ம் கிடையாது. உங்கள் அப்பாவின் கடைக்கு எந்த அரசாணை ஓய்வு தரும்?

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஆச்சி எழுபது வயதுவரை தீப்பெட்டி ஒட்டினாள். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி ஒட்டினால்தான் கூலி. பிறகு கண் போனது, ஓஏபி என்கிற அரசின் முதியோர் உதவித்தொகை வந்தது. அப்போது ஆயிரம் ரூபாய். மாதம் ஒருமுறை ஒரு பெண் கைமெஷினோடு தெருவுக்கு வருவாள். ஆச்சி கட்டைவிரலைச் சேலையில் துடைத்து வைப்பாள். விழாது. எச்சில் தொட்டு வைப்பாள். விழாது. பசையும் அட்டையும் தேய்த்துத் தேய்த்து ரேகையே போய்விட்டிருந்தது. “போன மாசம் விழுந்துச்சே தாயி” என்பாள், தப்பு செய்தவள் மாதிரி. உழைத்த கையை மெஷினுக்குத் தெரியவில்லை. மோதிர விரலில் ஒருவழியாக விழுந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு கடலைமிட்டாய். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது, அதனால் என்ன.

2023-ல் அந்தப் பணம் 1,200 ரூபாய் ஆனது. அதில் மத்திய அரசின் பங்கு, 80 வயது ஆகாதவர்களுக்கு, 200 ரூபாய். 2007-ல் இந்திரா காந்தி பெயரை அந்தத் திட்டத்துக்கு வைத்தபோதும் இதே 200தான். பென்ஷன் சுமை என்று நீங்கள் எழுதியது இதைச் சேர்த்தா, சேர்க்காமலா? 200 ரூபாய்க்கு இன்று என்ன கிடைக்கும் என்று அப்பாவின் கடையிலேயே விசாரியுங்கள்.

தேர்வுக்குப் படியுங்கள், விட்டுவிடாதீர்கள். அப்புறம், பாட்டிக்கு ஓஏபி வருகிறதா என்று கேட்டு எழுதுங்கள். மனு கொடுக்காமல் இருந்தால் நீங்களே எழுதிக் கொடுங்கள். நாலு வருடம் படித்த கை அல்லவா.