நாம் விழாமல் நிற்பது எப்படி? – கேள்வி பதில்

பிசியோதெரபிக்காக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தலைசுற்றல், தள்ளாட்டம் உள்ளவர்கள். உடல் சமநிலை பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

கேள்வி: சமநிலைக்குக் காதுதான் காரணம் என்று பள்ளியில் படித்தோம். சரியா சார்?

காதுக்குப் பங்கு உண்டு, முழுப் பொறுப்பும் அதற்கில்லை. உள்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்கின்றன. அருகிலுள்ள இரண்டு சிறு பைகள் தலையின் சாய்வைச் சொல்கின்றன. கண் ஒரு செய்தி அனுப்பும். உள்ளங்கால், கணுக்கால், கழுத்துத் தசைகள் வேறு செய்திகள் அனுப்பும். மூளை அந்தந்த நேரத்தில் எது நம்பகமோ அதற்கு அதிக மதிப்புக் கொடுக்கும். உறுதியான தரையில் காலுக்குத்தான் முதல் மதிப்பு. கடற்கரை மணலில் அது குறைந்து, கண்ணையும் காதையும் மூளை கூடுதலாக நம்பும்.

கேள்வி: சும்மா நிற்பதற்குமா இவ்வளவு வேலை?

ஆமாம். உடல் எடையின் மையக்கோடு கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால் விழுகிறது. அதனால் உடம்பு எப்போதும் முன்பக்கம் சாயப் பார்க்கும். கெண்டைக்கால் தசைதான் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் சுவர் இருக்க, கண்ணை மூடி நின்று பாருங்கள். கால்விரல்கள் அழுந்துவதும் குதிகால் அழுந்துவதும் மாறி மாறித் தெரியும். எதையாவது எடுக்கக் கையை நீட்டினால், கை நகரும் முன்பே காலின் பின்தசைகள் இறுகிவிடுகின்றன. வரப்போகும் ஆட்டத்தை மூளை முன்கூட்டியே கணக்குப் போடுகிறது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் விஷயம் இதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, பல வருடமாகச் சர்க்கரை. பகலில் நன்றாக நடக்கிறார். முகம் கழுவும்போது மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. காதில் கோளாறு இல்லை என்கிறார்கள்.

நீங்கள் சொன்ன அந்த ஒரு விஷயமே பெரிய துப்பு. சோப்பு போட்டதும் கண் மூடுகிறது, தலையும் குனிகிறது. நெடுநாள் சர்க்கரையால் காலிலிருந்து வரும் செய்தி ஏற்கெனவே மங்கியிருந்தால் கண்தான் அதுவரை ஈடுகட்டியிருக்கும். கண்ணை மூடியதும் பிடிமானம் போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்க் கவனித்துச் சொன்னதும் இதைத்தான். காலைச் சேர்த்துவைத்து, கண்ணை மூடி நிற்கவைக்கும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கண் எவ்வளவு ஈடுகட்டும் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேன் 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்ற உணர்வையும் இழந்தார். தசையில் பலம் அப்படியே இருந்தது. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் மறுபடி நடக்கப் பழகினார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

அம்மாவுக்குக் கால் நரம்புப் பரிசோதனை செய்யுங்கள். வைட்டமின் பி12 அளவும் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம். குறை பி12இல் என்றால் சீக்கிரம் ஈடுசெய்ய வேண்டும், தாமதித்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். அதுவரை முகம் கழுவும்போது ஒரு கை வாஷ்பேசினைப் பிடித்திருக்கட்டும். விரல் நுனி லேசாகத் தொட்டிருந்தாலே ஆட்டம் குறையும். பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். தொளதொள செருப்பு வேண்டாம்.

கேள்வி: படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. பித்தம் என்கிறார் மாமியார்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உள்காதுத் துகள் இடம் மாறியதுபோல் இருக்கிறது. அந்தச் சிறு பைகளில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் போனால் இப்படிச் சுற்றும். எந்தப் பக்கக் காது என்று கண்டுபிடித்து, தலையை வரிசையாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கு அனுப்பும் எப்லி முறை இருக்கிறது. பலருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிறது. இதற்குத் தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. துகளை அது நகர்த்தாது.

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலமின்மை, நிற்கவே முடியாமை ஏதாவது சேர்ந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

கேள்வி: பஸ்ஸில் போன் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. டிரைவருக்கு ஏன் வருவதில்லை?

திரையைப் பார்க்கும் கண் "அசைவில்லை" என்கிறது, காது "அசைகிறது" என்கிறது. டிரைவருக்கு அடுத்த வளைவு முன்பே தெரியும். ஜன்னல் வழியே தூரத்தைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70. வீட்டில் என்ன பயிற்சி செய்யலாம்?

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் காலைச் சேர்த்து நிற்பது, பிறகு ஒரு காலின் குதிகாலுக்குப் பின்னால் மற்றக் காலின் விரல்கள் தொட நிற்பது, பிறகு ஒற்றைக்கால். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தொடைக்குப் பலம் வரும். நடைப்பயிற்சி மட்டும் சமநிலைக்குப் போதாது. லேசாகத் தள்ளாடவைக்கும் அளவில் பயிற்சி இருந்தால்தான் பலன். ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டால், அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.